மணல் மண்ணில் எந்தச் செடி நிற்கும்?

(ஆலங்குளம் வட்டார மகளிர் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



வீட்டுத் தோட்டம் போடுங்கன்னு எல்லாக் கூட்டத்திலும் சொல்றாங்க. நாமும் போடுறோம். கார்த்திகையில் பச்சைப்பசேல்னு இருக்கு, சித்திரையில் கருகிப்போகுது. செடி வாங்கின காசு பாதிப் பேருக்கு உள்கடன் காசு. ஊத்தின தண்ணியும் நாம இடுப்புல சுமந்த தண்ணி. அதனால பூவைப் பார்த்துச் செடி வாங்காதீங்க, வேரைப் பார்த்து வாங்குங்க.

நம்ம பக்கம் கரிசலுக்குப் பேர்போனது. ஆனா வைப்பாற்றங்கரையிலும் ஓடையோரத்திலும் வீடு உள்ளவங்களுக்கு மணல்தான். சந்தேகம்னா ஈரமண்ணை எடுத்து உருட்டிப் பாருங்க. உருண்டை நிக்காம உதிர்ந்தா அது மணல் மண்.

தூத்துக்குடி மாவட்டத்துல சாத்தான்குளம், உடன்குடி பக்கம் தேரிக்காடு இருக்கு. செக்கச்செவேல்னு மணல் மேடு. அங்கே பனையும் கொல்லாமரமும் நிக்குது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கின உடன்குடிக் கருப்பட்டி அந்தப் பக்கத்துப் பனையில வந்ததுதான். மணல் தண்ணியை மேலே வச்சுக்காது, கீழே இறக்கிடும். மேல்மண் சீக்கிரம் காய்ந்தாலும் அடியில ஈரம் கிடக்கும். ஆழமா வேர் போற மரம் அதை எடுத்துக்கும். மேலாக வேர் ஓடுற தக்காளி, கீரையெல்லாம் தினம் தண்ணி கேட்கும்.

நம்ம வீட்டுக்கு முதல் மரம் முருங்கை. கொம்பு ஒடிச்சு நடுறது நம்ம வழக்கம். ஆனா விதையில முளைச்ச மரத்துக்கு ஆணிவேர் நேரா இறங்கும், கொம்புல வந்ததுக்கு அப்படி இறங்காது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் இருந்து 1989இல் வந்த பி.கே.எம்.1 விதை முருங்கை ஆறேழு மாதத்திலேயே காய்க்க ஆரம்பிக்கும். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்துக்குக் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கின குப்பை கலந்து நிரப்பி, குழியிலேயே விதை போடுங்க. பாக்கெட்டில் ரொம்ப நாள் வச்சா வேர் சுருண்டுடும். இரண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டா பக்கக் கிளை வரும், காய் கைக்கு எட்டும். கூரையை ஒட்டி மட்டும் வைக்காதீங்க, காத்துக்கு முறியும். காய் விலை பங்குனியில சீரழியும், மார்கழியில பவுன் மாதிரி இருக்கும். விலை இல்லாத மாதம் கீரையைப் பறிச்சுப் பிள்ளைகளுக்குப் போடுங்க.

அடுத்து சீத்தா, நெல்லி, இலந்தை, சுண்டைக்காய். இவையும் முதல் கோடையை மட்டும் நாம காப்பாத்திவிட்டா பிறகு சமாளிச்சுக்கும். காய்கறியில கொத்தவரையும் தட்டைப்பயறும் காய்ச்சல் தாங்கும். கத்தரி, வெண்டை வைக்கிறவங்க கவனிங்க: மணலில் நூற்புழு அதிகம். பிடுங்கிப் பார்த்தா வேர்ல முடிச்சு முடிச்சா இருக்கும். ஊடே கேந்திப்பூ வச்சா அது குறையும், பூவும் விலைக்குப் போகும். வாழை ஆசை இருந்தா பாத்திரம் கழுவுற தண்ணி போற இடத்துல ஒண்ணு போதும். சோப்புத் தண்ணியைக் கீரைக்கு விடவேண்டாம்.

மணலுக்கு எருவை மொத்தமா போட்டா மழையில கரைஞ்சு கீழே போயிடும். கொஞ்சம் கொஞ்சமா பல தடவை போடணும். கண்மாய்க் கரம்பை கிடைச்சா குழிக்கு ரெண்டு கூடை கலந்துவிடுங்க, ஈரம் பிடிச்சு நிக்கும். கரம்பை எடுக்கத் தாசில்தார் அலுவலகத்தில் அனுமதி வாங்கணும், தனித்தனியா அலையாம குழுவா மனுக் கொடுங்க. செடி தூரைச் சுத்திக் கடலைத்தொலி, சருகு பரப்பினா ஒரு குடம் தண்ணி ரெண்டு குடம் வேலை செய்யும்.

எல்லாத்துக்கும் மேலே காலம். பங்குனியில நட்டா எந்த வேரும் இறங்காது. ஆடி, ஆவணியில குழி எடுத்து ஆறப்போட்டு, புரட்டாசியில நடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில வேர் இறங்கிக்கும். முருங்கை விதை வேணும்கிறவங்க ஆவணிக்குள்ள உங்க குழுச் செயலாளர்கிட்ட பேர் கொடுத்துடுங்க, சேர்த்து வாங்கிக்கலாம்.