கொல்லிப்பாவையும் கோழிமுட்டையும்

(சேந்தமங்கலம் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இங்கிருந்து தலையை நிமிர்த்தினால் கொல்லிமலை. அந்த மலையில் ஒரு பாவை இருந்ததென்றும், அது சிரித்தே ஆளை மயக்கிக் கொன்றதென்றும் நமக்குச் சிறு வயது முதல் சொல்லி வந்திருக்கிறார்கள். பழைய பாட்டுகளும் அதைத் தெய்வம் செய்தது, பூதம் செய்தது என்று சொல்லுகின்றனவே ஒழிய, இன்ன தச்சன் செய்தான், இன்ன சாமானால் செய்தான் என்று சொல்லவில்லை. அப்படி ஒரு பொம்மை இருந்ததா என்பது வேறு சங்கதி. "அது எப்படி அசைந்தது? நாமும் ஒன்று செய்து பார்ப்போமா?" என்று ஒரு பிள்ளையாவது கேட்டிருக்க வேண்டாமா? பூதம் செய்தது என்று சொல்லிவிட்ட பிறகு பிள்ளைக்குக் கேட்பதற்கு என்ன பாக்கி? கும்பிடுவதுதான் பாக்கி!

இப்போது உலகமெங்கும் பள்ளிக்கூடங்களில் ஒரு முறை பரவி வருகிறது. பிள்ளைகளிடம் சாமானைக் கொடுத்து, ஆகவேண்டிய காரியத்தையும் சொல்லிவிட்டு, செய்கிற வழியை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவது. நம் நாமக்கல் ஜில்லாவில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் முட்டைக்குப் பஞ்சமில்லையே. அதையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுவோம். ஒரு பச்சை முட்டை, பத்துத் தாள், கொஞ்சம் நூல், ஒரு பிடி வைக்கோல். 12 அடி உயர மாடியிலிருந்து போட்டால் முட்டை உடையக்கூடாது. உத்தரவு இவ்வளவுதான். உபாத்தியாயர் வாய் திறக்கக்கூடாது.

12 அடி விழுந்து தரையைத் தொடும்போது முட்டையின் வேகம் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அந்த வேகம் முழுவதையும் ஓட்டின் ஒரு புள்ளி ஒரே கணத்தில் தாங்கினால் உடையும். வைக்கோல் நசுங்கி நசுங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கினால் பிழைக்கும். முதல் முட்டை உடைந்ததும் பிள்ளை யோசிக்கும். மூன்றாவது முட்டையில் தானே கண்டுகொள்ளும். தலைக்கவசத்துக்குள் தெர்மாகோல் ஏன், லாரிக்கு வில்பட்டை ஏன் என்பதெல்லாம் அப்புறம் ஒரு வார்த்தையில் விளங்கிவிடும்.

இதில் மார்க்குப் போடுகிறவர் யார்? முட்டைதான்! கலெக்டர் மகன் போட்டான் என்பதற்காக அது உடையாமல் இருக்காது. கூலிக்காரி மகள் போட்டாள் என்பதற்காக உடைந்துவிடவும் செய்யாது. மந்திரத்துக்கும் மசியாது. நம் ஊர்ப்பக்கம் புது லாரிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அதே லாரி கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளில் இறங்கும்போது டிரைவர் நம்புவது பழத்தையா, பிரேக்கையா?

"முட்டை வீணாகிறதே" என்று பக்திமான்கள் வருத்தப்படலாம். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கட்டிப் போட்டால், உடைந்தாலும் பொரித்துத் தின்னலாம். கல்லின் தலையில் கொட்டின பால் எந்தப் பிள்ளையின் பசியை ஆற்றிற்று?

ஆனால் பள்ளிக்கூடத்தில் கைவேலை என்றதும் நம் தோழர்களுக்கு ஓர் அச்சம் வரும். அது நியாயமான அச்சம். சேலத்தில் வக்கீலாயும் நகரசபைத் தலைவராயும் இருந்த இராஜகோபாலாச்சாரியார், முதல் மந்திரியாக வந்து 1953-ல் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் நாளைக்கு மூன்று மணி நேரம் படிப்பு. மீதி நேரம் தகப்பன் தொழில். வண்ணான் மகனுக்கு வெள்ளாவி, குயவன் மகனுக்குச் சக்கரம். வக்கீல் மகனுக்கு என்ன கைவேலை என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. குலக்கல்வி என்று பெயர் வைத்து நாடே எதிர்த்தது. 1954-ல் காமராசர் வந்து அதை எடுத்தெறிந்தார்.

அந்தக் கைவேலைக்கும் இந்தக் கைவேலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அதில் செய்கிற தொழில் பிறக்கும்போதே தீர்மானமாகிவிட்டது. இதிலோ, எல்லாப் பிள்ளையும் ஒரே ரம்பத்தைப் பிடிக்கிறது; எல்லாப் பிள்ளையும் படம் போடுகிறது. கோவைக்கடுத்த கலங்கலில் 1893-ல் பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளிக்கூடத்தைச் சிறுவயதிலேயே விட்டவர். வெள்ளைக்காரர் ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, அதை வாங்கி அக்கக்காகக் கழற்றி மாட்டினார். உழவர் வீட்டுப் பிள்ளை ஏரோடு நிற்க வேண்டும் என்ற விதிக்கு அடங்கியிருந்தால் மோட்டார் தொழிலுக்கு அவர் வந்திருப்பாரா?

சர்க்கார்களும் சும்மா இல்லை. மத்திய சர்க்கார் 2016 முதல் அடல் டிங்கரிங் லேப் என்று பள்ளிக்கூடம் ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வந்திருக்கிறது. தமிழ்நாட்டு சர்க்கார் 6 முதல் 8-ம் வகுப்புப் பிள்ளைகளுக்காக 2022-ல் வானவில் மன்றம் ஆரம்பித்தது. நல்ல காரியம்தான். ஆயினும் நாம் போய்ப் பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில் சாமான்களெல்லாம் பீரோவுக்குள் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. கேட்டால், "பிள்ளைகள் உடைத்துவிடும், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வேண்டும்" என்றார்கள். ஆயுதபூசையன்று மட்டும் சந்தனப் பொட்டு வைத்தார்களாம்! வேறோர் இடத்தில் பையன்கள் ஸ்குரூ டிரைவர் பிடித்துக்கொண்டிருக்க, பெண் குழந்தைகள் அறையைப் பெருக்கி, வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தன.

பள்ளி மேலாண்மைக் குழுவில் உங்களில் பலர் அங்கத்தினர்கள்; பெற்றோரே தலைமை வகிக்கிற குழு அது. அடுத்த கூட்டத்தில் டீ குடித்துக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னே இரண்டே கேள்வி கேளுங்கள். பீரோச் சாவி யாரிடம் இருக்கிறது? சென்ற மாதம் ரம்பம் பிடித்த பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? சாவி கிடைக்கத் தாமதமானால் அதுவரை வைக்கோலும் முட்டையும் நாம் கொண்டுவருகிறோம். மாடிக் கதவை மட்டும் திறந்து வைக்கச் சொல்லுங்கள்.