வாங்கில் எழுந்த கேள்வி



நூலகப் பாடவேளையில் படப்புத்தகம் பார்த்து வைக்கிங் வீரனைக் கீறினோம். கொம்பு வைத்த தலைக்கவசம், நீண்ட தாடி. (கொம்புக்கு ஆதாரமே இல்லையாம்!) "பெண்கள் சண்டைக்குப் போகேல்லையா, ரீச்சர்?" என்று பின்வாங்கிலிருந்து ஒருத்தி கேட்டாள். நாங்கள் சிரித்தோம். ரீச்சர் சிரிக்கவில்லை.

சுவீடனின் பிர்காவில் 1878இல் தோண்டிய புதைகுழி ஒன்றில் வாள், கோடரி, அம்புகள், இரண்டு குதிரைகள் இருந்தன. ஆயுதங்களைக் கண்டே ஆண் என்று எழுதிவிட்டார்கள். எலும்புகளை ஆராய்ந்து பெண் என்று சொல்லியும் எடுபடவில்லை. 2017இல் மரபணுச் சோதனை பெண் என்றே உறுதிசெய்தது. உடனே, அவள் போர்வீரர்தானா என்ற கேள்வி எழுந்தது. ஆண் என்று நம்பியிருந்தவரை அப்படி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

எங்களில் வைத்தியர்களானவர்களுக்கு இது நன்றாகவே உறைக்கும். அன்று கேட்டவள் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். சிரித்ததற்கு நாங்கள் இன்னும் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.