பணத்தாளில் நின்ற தமிழ்
(குறிஞ்சிப்பாடியில் ஆற்றிய உரை)



நமக்கு அணித்தேயுள்ள புதுச்சேரியினின்று, பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக்காரர் நம் கைவினைஞரை மொரீசியசுத் தீவிற்குக் கொண்டுசென்றனர். ஆங்கிலேயர் காலத்தில், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய் மேலும் பலர் போயினர். இன்று அவர்தம் வழியினருள் பெரும்பாலார் வீட்டில் பேசுவது கிரியோல் மொழி. பெயர்களும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் உருத்திரிந்தன.

ஆயினும் கேளுங்கள்! அந்நாட்டுப் பணத்தாளில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்பதே வரிசை. 1998-இல் வந்த புதுத்தாளில் இந்தி மேலேறித் தமிழ் கீழிறங்கியது. தீவுத் தமிழர் கொதித்தெழுந்தனர். அத்தாள்கள் மீளப்பெறப்பட்டன, 1999-இல் பழைய வரிசையிலேயே புதியன வெளிவந்தன.

வாயில் வழங்காத மொழிக்கு ஏன் இத்துணைச் சினம்? மூதாதையர் ஊரும் உறவும் மறந்துபோயின. தாம் யாரெனச் சொல்ல அவர்க்கு எஞ்சியிருந்தது அந்த ஒருவரி எழுத்தே. பேச்சு போனபின்னும் இனவுணர்வு போகவில்லை. பேச்சுள்ள நமக்கோ?

அத்தாளில் தமிழ் எண்ணும் உண்டு. அதன் படத்தை வகுப்பிற் காட்டினேன். எண்ணைப் படிக்க ஒருவர்க்கும் வரவில்லை. மாணவரை எங்ஙனம் கடிவது? என் வீட்டுச் சுவர் நாட்காட்டியிலேயே அவ்வெண்கள் இல்லை! ஒன்று முதல் பத்து வரை கரும்பலகையில் எழுதிப்போட்டேன். மறுநாள், நெசவாளர் வீட்டுப் பிள்ளையொருவன் தன் சுவடியின் மேலட்டையில் ‘௯-ஆம் வகுப்பு’ என்று எழுதிவந்து நீட்டினான்.