எங்கட நிறத்தை நாங்களே முடிவு செய்வோம்

(எமது சங்கத்தின் இளையோர் குறும்படப் பட்டறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். ஆலன், ரெக்சாஸ்)



"எடுத்த படத்தை எப்படி முடிக்கிறது எண்டு பிள்ளையளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுங்கோ" என்று சங்கத்தினர் கேட்டார்கள். நான் சினிமாக் கல்லூரியில் படித்தவன் அல்ல. ஏ.எல். உடன் என் படிப்பு நின்றுவிட்டது. பகலில் தொழிற்சாலையில், அச்சில் வார்த்த பாகங்களின் நிறம் மாதிரியோடு ஒத்துப் போகிறதா என்று பார்ப்பது என் வேலை. இரவில் கலியாண வீடியோக்களுக்கும் பிள்ளைகளின் குறும்படங்களுக்கும் நிறம் திருத்திக் கொடுக்கிறேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலைதான்.

படம் பிடித்து, வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டால் வேலை முடிஞ்சுது எண்டுதான் கனபேர் நினைக்கிறம். ஆனால் அதற்குப் பிறகுதான் கலர் கிரேடிங் என்ற வேலை வருகிறது. தமிழ்நாட்டுப் படங்களின் பெயர்ப் பட்டியலில் "டி.ஐ." என்று போடுவார்களே, அந்த வேலையின் பெரும் பகுதி இதுதான். இதில் இரண்டு படிகள் உண்டு. முதலாவது, காட்சிகளை ஒன்றோடொன்று ஒத்துப் போகச் செய்வது. கலியாண மண்டபத்தில் மணவறைப் பக்கம் மஞ்சள் வெளிச்சம், ஜன்னல் பக்கம் நீல வெளிச்சம். இரண்டு கமராவும் இரண்டு விதமாகக் காட்டும். ஒரே மாப்பிள்ளை ஒரு காட்சியில் மஞ்சட்காமாலைக்காரர் போலவும், அடுத்த காட்சியில் குளிரில் விறைத்தவர் போலவும் தெரிவார். அதைச் சமன் செய்ய வேண்டும். அதன் பிறகுதான் இரண்டாவது படி, கதைக்கு ஏற்ற உணர்வை நிறத்தால் கொடுப்பது. முதற் படியை விட்டுவிட்டு இரண்டாவதற்குத் தாவினால், வெள்ளையடிக்காத சுவரில் கோலம் போட்ட மாதிரி இருக்கும்.

ஒரு காலத்தில் இது எங்களுக்கு எட்டாத வேலை. பிலிம் காலத்தில் ஆய்வுகூடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வெளிச்சங்களைக் கூட்டிக் குறைத்துத்தான் பிரதி எடுத்தார்கள். 2000 ஆம் ஆண்டு வந்த "ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்" என்ற ஹொலிவூட் படத்தை மிசிசிப்பியில் பச்சைப் பசேலென்ற கோடையில் எடுத்துவிட்டு, ஒளிப்பதிவாளர் ரொஜர் டீக்கின்ஸ் அதன் பச்சை முழுவதையும் கொம்பியூட்டரில் காய்ந்த மஞ்சளாக மாற்றினார். முழுப் படத்துக்கும் அப்படிச் செய்த முதல் முயற்சிகளில் அதுவும் ஒன்று. அந்த நாளில் டாவின்சி என்ற நிறம் திருத்தும் இயந்திரத்தின் விலை லட்சக்கணக்கான டொலர். 2009 இல் அவுஸ்திரேலியாவின் பிளாக்மஜிக் நிறுவனம் டாவின்சியை வாங்கியது. 2011 இல் இலவசப் பதிப்பை விட்டது. 2017 இல் காசுப் பதிப்பின் விலையையும் 299 டொலராகக் குறைத்தது. இண்டைக்கு எங்கட பிள்ளையள் படிக்கிற மேசையிலேயே அது கிடக்கிறது.

இன்னொன்றுக்கு நாங்கள் தூரம் போகத் தேவையில்லை. இங்கேயிருந்து 75 ஆம் நெடுஞ்சாலையால் தெற்கே இறங்கினால், டலஸில் ரெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ற்ஸ் நிறுவனத்தின் தலைமையகம். அங்கே வேலை செய்த லரி ஹோர்ன்பெக் 1987 இல் கண்டுபிடித்த சில்லில், கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான கண்ணாடிகள் அசைந்து வெளிச்சத்தைத் திரைக்கு அனுப்பும். 1999 இல் அந்த முறையில் திரையரங்கில் படம் காட்டினார்கள். 2015 இல் அவருக்கு ஒஸ்கார் விருதும் கிடைத்தது. பிலிமில் ஒவ்வொரு பிரதியும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும், ஓட ஓடக் கீறல் விழும். இப்போதோ டலஸில் நாங்கள் முடித்த அதே கோப்பு யாழ்ப்பாணத்திலும் ரொறன்ரோவிலும் மாறாமல் ஓடும். ரொறன்ரோவில் லெனின் எம். சிவம் எடுத்த "எ கன் அண்ட் எ ரிங்" 2013 இல் ஷங்காய் திரைப்பட விழா வரைக்கும் போனது. ஆகவே "எங்களால ஏலாது" என்ற கதைக்கு இனி இடமில்லை.

சரி, கருவி கைக்கு வந்துவிட்டது. அதை எந்தக் கண்ணால் பாவிக்கப் போகிறோம்? இதைப் பற்றித்தான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

தாய்மார் கோபிக்கக் கூடாது. கலியாண வீடியோ திருத்தும்போது நான் அடிக்கடி கேட்கிற ஒரு வார்த்தை, "தம்பி, பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ" என்பது. இந்த எண்ணத்தை எங்களுக்குள் வளர்த்தது ஊர்க் கதை மட்டுமல்ல, கமராவுக்கும் அதில் பங்குண்டு. கொடக் நிறுவனம் 1950களில் இருந்து ஆய்வுகூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பியது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். "சேர்லி அட்டை" என்று பெயர். சேர்லியின் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்பது கணக்கு. கறுத்த முகங்கள் இருட்டில் புதைந்து போயின. கனடா கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்ணா ரொத் 2009 இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கபில நிறங்கள் பிலிமில் சரியாக விழுவதில்லை என்று கொடக்கிடம் முறைப்பாடு செய்தவர்கள் சொக்கலேற் கம்பெனிக்காரரும் மரத் தளபாடக் கம்பெனிக்காரரும்தானாம். பிலிமைத் திருத்த அதுவும் ஒரு காரணமாயிற்று. மனிசற்றை முகத்துக்குக் கிடைக்காத கவனம் மேசை கதிரைக்குக் கிடைத்தது!

நிறம் பார்க்கும் மென்பொருளில் வெக்ரர்ஸ்கோப் என்று ஒரு வட்டமான அளவி இருக்கிறது. அதில் மனிதத் தோலுக்கென்று ஒரு கோடு உண்டு. வெள்ளையரோ, ஆபிரிக்கரோ, நாங்களோ, சரியான வெளிச்சத்தில் எடுத்தால் எல்லோருடைய தோலும் ஏறக்குறைய அந்த ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். தோலுக்கு அடியில் ஓடுகிற இரத்தம் எல்லாருக்கும் சிவப்புத்தானே. வேறுபடுவது பெரும்பாலும் வெளிச்ச அளவுதான். பழைய கையேடுகளில் முகத்தின் வெளிச்சம் 70 சதவீதத்தில் இருக்க வேண்டும் என்று இருக்கும். அது வெள்ளை முகத்துக்கான கணக்கு. எங்கள் முகத்தை அந்த இடத்துக்கு ஏற்றினால் சாம்பல் பூசினது போல் வெளிறும். கூறைச் சேலையின் சிவப்பும் அதோடு சேர்ந்து கெடும். கறுப்பு வடிவாகத் தெரிவதற்குத் தேவை வெள்ளையடிப்பு அல்ல. எடுக்கும்போதே பக்கத்திலிருந்து விழுகிற மெதுவான வெளிச்சம். அப்போது தோலின் மினுமினுப்பு தெரியும், கண் பேசும். பிள்ளையை வெள்ளையாக்கச் சொல்லி வருகிறவர்களுக்கு நான் முதலில் இப்படிச் செய்த ஒரு காட்சியைக் காட்டுவேன். பெரும்பாலானோர் "இது நல்லா இருக்கு, இப்பிடியே விடுங்கோ" என்றுதான் சொல்வார்கள். அந்தப் பிள்ளை பக்கத்தில் இருந்தால் அவளுடைய முகத்தையும் பாருங்கள்.

அதேபோல இன்னொரு பழக்கம். எங்கள் ஊரைப் பற்றிய படம் என்றால் உடனே நிறத்தை உறிஞ்சிச் சாம்பலாக்கி விடுகிறார்கள். துன்பம் எண்டா சாம்பல் எண்டு ஆர் சொன்னது? குண்டு விழுந்த நாளிலும் வன்னி மண் சிவப்பாகத்தான் இருந்தது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்த மண்ணைத் தெரியப் போவது இந்தப் படங்களால்தான்.

அடுத்தது மிக முக்கியம். அம்மம்மா, தாத்தாமாரின் சாட்சியங்களைப் பதிவு செய்கிறீர்கள். மூலக் கோப்பைத் தொடாதீர்கள். 2009 ஓகஸ்ட் மாதம் பிரித்தானியாவின் சனல் 4, கண்ணையும் கையையும் கட்டி ஆட்களைச் சுடுகிற வீடியோவை ஒளிபரப்பியது. அது பொய் என்று இலங்கை அரசு சொன்னது. ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் வீடியோ, சூட்டுக் காயம், துப்பாக்கி ஆகியவற்றை ஆராயும் மூன்று நிபுணர்களிடம் அதைக் கொடுத்தார். அது உண்மையானதாகவே தெரிகிறது என்று 2010 ஜனவரியில் அறிவித்தார். ஒரு கைத்தொலைபேசி வீடியோவை இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பார்கள் என்றால், நாங்கள் "வடிவாக இருக்கட்டும்" என்று திருத்தி, மூலத்தை அழித்துவிட்டால் நாளைக்கு எதைக் காட்டுவது? திருத்தியது பார்ப்பதற்கு; மூலம் சாட்சிக்கு. இரண்டையும் வேறு வேறாக வையுங்கள்.

கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள்.

கமராவில் வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் பூட்டி வையுங்கள். தொடக்கத்தில் ஒரு சாம்பல் அட்டையைப் பிடித்து ஒரு காட்சி எடுங்கள்.

வெள்ளை வேட்டி வெளிச்சத்தில் எரிந்து போனால் எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. எடுக்கும்போதே கவனியுங்கள்.

இங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், ஊரில் 50. மண்டப விளக்கு மின்னாமல் இருக்க இங்கே ஷட்டரை 60இல் ஒன்றாகவும், ஊரில் எடுத்தால் 50இல் ஒன்றாகவும் வையுங்கள்.

ஊரிலிருந்து வந்த வீடியோ நாடாக்கள் பால் முறை, செக்கனுக்கு 25 சட்டம். கொம்பியூட்டருக்கு மாற்றும்போது அந்த 25ஐயே வைத்திருங்கள். வி.எச்.எஸ். இயந்திரம் செய்து வந்த கடைசிக் கம்பெனியும் 2016 இல் நிறுத்திவிட்டது. ஆகவே அலுமாரியில் இருக்கிற நாடாக்களை இந்த வருடமே மாற்றுங்கள்.

தொழிற்சாலையில் நிறம் பார்ப்பதற்குப் பகல் வெளிச்சத்துக்குச் சமனான விளக்குப் பெட்டி இருக்கிறது. அதற்கு வெளியே வைத்து ஒருவரும் தீர்ப்புச் சொல்வதில்லை. நீங்களும் ஜன்னலை மூடி, திரையை 6500 கெல்வினில் வைத்து, அளவியைப் பார்த்து முடிவெடுங்கள். கண் களைத்தால் ஏமாற்றும்.

முடித்த படம், மூலக் கோப்பு இரண்டையும் மூன்று பிரதியாக வையுங்கள். அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். நூலகம் எரிந்த ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சனி இரவுகளில் நேரம் உள்ளவர்கள் படங்களைக் கொண்டு வாருங்கள், சேர்ந்திருந்து திருத்துவோம். காசு வேண்டாம், தேத்தண்ணி போதும்.