ஆண் மீன் சொல்லும் சாட்சி

ஆற்றில் விஷம் கலந்தால் மீன் செத்து மிதக்கும், ஊரே பார்க்கும். மீன் சாகாமல், அதன் இனவிருத்தி மட்டும் கெட்டால் யார் கண்ணுக்குத் தெரியும்?

அதற்கும் பிரிட்டனில் சாட்சி கிடைத்தது. பெண் மீனின் ஈரல், ஹார்மோனின் கட்டளைப்படி வைட்டலோஜெனின் என்ற புரதத்தைச் செய்கிறது. முட்டையின் மஞ்சள் கரு அதிலிருந்துதான் உண்டாகிறது. ஆண் மீனுக்கும் அந்தத் திறன் உண்டு, கட்டளைதான் கிடையாது. ஆகவே ஆணின் இரத்தத்தில் இப்புரதம் பெருகினால், தண்ணீரில் பெண் ஹார்மோனோ, அதைப் போல் நடிக்கும் ரசாயனமோ இருக்கிறதென்று பொருள்.

ஆண் டிரவுட் மீன்களைக் கூண்டிலிட்டு, சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையங்களின் கழிவுநீரில் விஞ்ஞானிகள் வைத்தார்கள். சில வாரங்களில் புரதம் பெருகிற்று. 1994-ல் அம்முடிவு வெளியாயிற்று. பல இடங்களில் மனித உடலிலிருந்து வரும் ஹார்மோனும், கருத்தடை மாத்திரையின் ஹார்மோனுமே காரணம். ஆனால் யார்க்ஷயரின் ஏர் நதியில் அகப்பட்ட குற்றவாளி வேறு: கம்பளி கழுவும் ஆலைகளின் சலவைச் சரக்கிலிருந்து பிறக்கும் நோனைல்பீனால். அச்சரக்கைக் குறைத்ததும் பாதிப்பும் குறைந்தது. 2003-ல் ஐரோப்பிய யூனியன் அதற்குக் கட்டுப்பாடு விதித்தது.

"கழிவுநீர் தெளிவாகத்தானே ஓடுகிறது" என்று ஆலை முதலாளி சொன்னால் நாம் ஏமாறலாகாது. மீனின் இரத்தத்தைச் சோதித்துக் காட்டு என்று கேட்போம்!