இரும்புச்சத்து டானிக்கும் தே தாரிக்கும்

நம் நாட்டில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் 10 பேரில் 3 பேருக்கு இரத்தச்சோகை இருப்பதை 2019 தேசிய சுகாதார ஆய்வு காட்டியது.

விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு ஓடும் ஜொகூர் சகோதரிகள் சிலர், டானிக்கைக் குடித்த கையோடு தே தாரிக்கும் குடித்துவிடுகிறார்கள். தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது. இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஆரஞ்சுச் சாறு தாராளமாகச் சேர்க்கலாம். உறிஞ்சுகுழலால் குடித்தால் பல்லில் கறை குறையும். மலம் கறுப்பது வழக்கம்தான்.

தலசீமியா உள்ளவர்களுக்கு இரும்பு ஏற்கெனவே கூடியிருக்கலாம். ஆகவே இரத்தம் பரிசோதிக்காமல் பக்கத்து வீட்டுப் பாட்டிலை இரவல் வாங்காதீர்கள். சமையல் கரண்டியும் வேண்டாம், மருந்தோடு வரும் அளவுக்கரண்டியே சரி.

பாட்டிலைப் பூட்டி வையுங்கள். இனிக்கிறதே என்று குழந்தை குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. வாந்தி வரட்டும் என்று காத்திராமல், பாட்டிலோடு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.