மருந்து கற்பிக்கும் மாந்தர்

திருப்பதி என்றவுடன் ஏழுமலையும் கோயிலும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயின் அம்மலையடிவாரத்திலே கல்வியும் செழித்துள்ளது. 1954இல் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக் கழகமும், 1983இல் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக் கழகமும் அங்கே தோன்றின. மகளிர் பல்கலைக் கழகத்தில் பார்மசி பயிற்றும் நிலையம் ஒன்று உண்டு. சித்தூரிலும் பார்மசிக் கல்லூரி இருக்கின்றது. 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்திலிருந்து 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் எல்லைப்புறம் இது.

நம் நாட்டில் பார்மசிக் கல்வி பல்கலைக் கழகப் படிப்பாக வேரூன்றியது 1932இல், காசி இந்துப் பல்கலைக் கழகத்தில். மகாதேவ லால் ஷ்ராஃப் என்னும் பேராசிரியர் அதற்கு வித்திட்டார். 1948இல் பார்மசிச் சட்டம் பிறந்தது. அதுமுதல் மருந்து கலந்து கொடுப்பது கைப்பழக்கத் தொழிலாக மட்டும் இராது, கற்றுத் தேறிப் பதிவு பெற்றோர்க்குரிய பொறுப்பாயிற்று.

இத்தகைய கல்லூரியில் ஆசிரியர்கள் நான்கு துறைகளாகப் பிரிந்து பணிபுரிவர். மருந்தின் ரசாயனத்தை ஆராய்பவர் ஒருவர். அதனை மாத்திரையாகவும் பானமாகவும் ஆக்கும் முறையைக் கற்பிப்பவர் மற்றொருவர். உடலில் அது செய்யும் வேலையை விளக்குபவர் வேறொருவர். மூலிகையின் வேரையும் பட்டையையும் உருப்பெருக்கியில் வைத்து இனங்காட்டுபவர் இன்னொருவர். இவர்களுக்குப் பின்னே நிற்போரையும் மறத்தலாகாது. தராசைத் துடைத்துச் சரிபார்க்கும் ஆய்வுக்கூட உதவியாளரும், புட்டிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டிக் கணக்கெழுதும் பண்டகக் காப்பாளரும், மூலிகைத் தோட்டக்காரரும் இல்லையேல் பாடம் ஏட்டளவில் நின்றுவிடும்.

இத்துணைக் கவனம் எதற்கு என வினவலாம். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபா மருந்தொன்றைத் திரவமாக்க எண்ணி, அதனை டை எதிலீன் கிளைக்காலில் கரைத்தனர். சுவை பார்த்தனர், நிறமும் மணமும் பார்த்தனர், நஞ்சா என்று மட்டும் பார்த்திலர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பழங்கதையென்று இதனைத் தள்ளிவிட இயலாது. 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் பலர் உயிர் துறந்ததற்குக் காரணமாகக் கண்டதும் இருமல் மருந்தில் கலந்திருந்த அதே நச்சுப்பொருள்தான். அம்மருந்து தயாரானதோ நம் தமிழ்நாட்டில். ஒரு சோதனையைச் செய்யாது விட்டால் என்ன நேரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு மற்றோர் ஆபத்தும் புலப்படுகிறது. அது பெயரால் வருவது. நம் நிலவேம்பு தெலுங்கில் நேலவேமு; கேட்டவுடன் விளங்கிவிடும். நம் சீந்தில் அங்கே திப்பதீகை. இதனை ஊகித்தறிய இயலாது. இவற்றினும் இடர் தருவது ஒரே பெயர் இரு செடிகளுக்கு வழங்குதலாம். பிராமி என்று கேட்டால் வடநாட்டில் சிலர் வல்லாரையைத் தருவர். சிலர் நீர்ப்பிரமியைத் தருவர். இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள். ஆகவேதான் மூலிகை ஆசிரியர் முன்னதைச் சென்டெல்லா ஆசியாட்டிக்கா என்றும், பின்னதைப் பகோபா மொன்னியேரி என்றும் மாணவர் நாவில் பதியுமாறு சொல்லித் தருகிறார். நாவுக்குக் கடினமான அப்பெயர்கள் எல்லா நாட்டிலும் ஒன்றையே குறிக்கும்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஊரில் உட்கொண்ட மருந்தின் வணிகப் பெயரை மட்டும் நினைவில் வைத்துப் புறப்படாதீர்கள். அட்டையில் அச்சிட்டுள்ள மூலமருந்தின் பெயரையும் அளவையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அயல்மொழி வழங்கும் ஊரில் மருந்து வாங்கும்போது, எப்பொழுது, எத்தனை, உணவுக்கு முன்னா பின்னா என்று தயங்காமல் கேளுங்கள். மொழி தடையானால் விரல்விட்டுக் காட்டியேனும் தெளிவு பெறுங்கள். அவ்வினாவுக்குப் பொறுமையாக விடை கூறும் மருந்தாளுநரை உருவாக்குவதே அவ்வாசிரியரும் ஊழியரும் ஆற்றும் பணியின் பயனாகும்.